"அழிக்க வேண்டியது"னு எழுதி வச்ச பெட்டிக்குள்ள கிடைச்ச படம்: வேக் இன் ஃப்ரைட், ஒரு நிகழ்வு ஆய்வு

காணாம போன படம்னு சொன்னா நமக்கு உடனே தோணுறது தீப்பிடிச்ச குடோன், இல்லன்னா ஈரத்துல ஒட்டிப்போன ஃபிலிம் ரோல். வேக் இன் ஃப்ரைட்ங்கிற ஆஸ்திரேலியப் படத்தோட கதையில அது ரெண்டுமே கிடையாது. 1971ல கான் திரைப்பட விழாவுல போட்டிப் பிரிவுல காட்டுன படம், யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் மாதிரி பெரிய கம்பெனி ரிலீஸ் பண்ண படம், பாரிஸ்ல அஞ்சு மாசம் ஓடுன படம். அப்படிப்பட்ட படத்தோட நெகடிவ் எங்க இருக்குன்னு இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு அதை எடுத்தவங்களுக்கே தெரியல. எப்படி இது நடந்துச்சு, அப்புறம் எப்படி அது என் வீட்டு டிவிக்கு வந்துச்சுங்கிறதத்தான் எழுதப் போறேன், கொஞ்சம் நீளமாவே வரும்.

நான் சிட்னியோட மேற்குப் பக்கம் குடியிருக்கேன். எங்க ஏரியாவுல ஒரு சேரிட்டி கடை இருக்கு, பழைய துணி, பாத்திரம், புத்தகம் எல்லாம் போட்டிருப்பாங்க, ஒரு மூலையில டிவிடி ரேக். ரெண்டு டாலருக்கு ஒரு டிவிடி எடுத்தேன். அட்டையில கண்ணாடி போட்ட ஒரு ஆளு வெறிச்சுப் பாக்குற மாதிரி ஒரு படம், பேரு கேள்விப்பட்டதே இல்ல. சனிக்கிழமை ராத்திரி போட்டோம், கங்காரு வேட்டை வந்ததும் என் மனைவி எழுந்து உள்ள போயிட்டா, நான் கடைசி வரைக்கும் பாத்துட்டு தூங்க முடியாம மறுபடியும் டைரக்டரும் எடிட்டரும் பேசுற ஆடியோ ட்ராக்க போட்டு முதல்ல இருந்து பாத்தேன். விடியக்காலை ஆயிடுச்சு. அந்த எடிட்டரு பேரு ஆந்தனி பக்லி. இந்த மொத்தக் கதையும் அவரைச் சுத்தித்தான் நடக்குது.

முதல்ல படம்

1961ல கென்னத் குக் எழுதுன நாவல். ஜான் கிராண்ட்னு ஒரு வாத்தியார், டிபூண்டாங்கிற இடத்துல வேலை. ஊர்னு கூட சொல்ல முடியாது, ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடம், அந்தப் பக்கம் ஒரு ஹோட்டல், நடுவுல வெறும் மண்ணு. படம் ஆரம்பிக்கிறதே கேமரா அப்படியே ஒரு முழு வட்டம் சுத்தி இதைக் காட்டுறதுலதான், கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் ஒண்ணுமே இல்லன்னு அந்த ஒரே ஷாட்ல புரிஞ்சிடும். அரசாங்கத்துக்கிட்ட ஆயிரம் டாலர் பாண்ட் போட்டிருக்கான், அதைக் கட்டாம வேலைய விட்டுப் போக முடியாது. கிறிஸ்துமஸ் லீவு விடுது, காதலியப் பாக்க சிட்னிக்குக் கிளம்புறான், வழியில பண்டன்யாபாங்கிற சுரங்க ஊர்ல ஒரே ஒரு ராத்திரி தங்கணும். ஊர்க்காரங்க செல்லமா யாபான்னு சொல்லுவாங்க.

அந்த ஒரு ராத்திரியில பப்ல ஊர் போலீஸ்காரர் ஒருத்தர் சிநேகமா பேசி பீர் வாங்கித் தர்றாரு, குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்தது, அதை முடிக்கிறதுக்குள்ள அதுக்கு அடுத்தது. அப்புறம் டூ-அப் ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க, ரெண்டு காச ஒரு சின்ன மரப்பட்டையில வச்சு மேல தூக்கிப் போட்டு தலையா பூவான்னு பந்தயம் கட்டுறது. முதல்ல ஜெயிக்கிறான், இன்னும் கொஞ்சம் ஜெயிச்சா பாண்ட கட்டிட்டு இந்த வாழ்க்கையில இருந்தே தப்பிச்சிடலாம்னு நினைச்சு திரும்பிப் போய் ஆடுறான், கையில இருந்த எல்லாமே போயிடுது. அதுக்கப்புறம் அந்த ஊர விட்டுப் போகக் காசு இல்ல, ஆனா குடிக்கிறதுக்கு மட்டும் யாராவது ஒருத்தர் வாங்கித் தந்துட்டே இருக்காங்க.

எனக்கு இந்தப் படத்துல பெரிய பயமே இதுதான், இதுல வில்லன்னு ஒருத்தருமே இல்ல. எல்லாரும் நல்லவங்க. வீட்டுக்குக் கூப்பிடுறாங்க, சாப்பாடு போடுறாங்க, படுக்க இடம் தர்றாங்க. வேண்டாம்னு சொன்னா மட்டும் முகம் மாறுது. நம்ம வீடுகள்ல போதும்னு இலைய மறைக்க மறைக்க இன்னும் ஒரு கரண்டி வைப்பாங்களே, அன்புதான் அது, ஆனா அந்த அன்புல வேண்டாம்ங்கிற வார்த்தைக்கு இடமே இருக்காது. அதையே சாராயத்தோட, நாப்பது டிகிரி வெயில்ல, அஞ்சு நாள் விடாம நடத்துனா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. விருந்தோம்பல இவ்வளவு பயங்கரமா காட்டுன படம் வேற நான் பாத்ததில்ல.

டைரக்டர் டெட் கோட்சஃப் ஆஸ்திரேலியாக்காரர் இல்ல, கனடாவுல டொரண்டோவுல பிறந்தவர், பின்னாடி 1982ல ஃபர்ஸ்ட் ப்ளட் எடுத்தவரும் இவர்தான். திரைக்கதை எழுதுன எவன் ஜோன்ஸ் ஜமைக்காவுல பிறந்தவர். வாத்தியாரா நடிச்ச கேரி பாண்ட், குடிகார டாக்டரா நடிச்ச டொனால்ட் ப்ளெசன்ஸ் ரெண்டு பேரும் இங்கிலாந்து. அப்போ ஆஸ்திரேலியாவுல சினிமாத் தொழிலே படுத்துக் கிடந்துச்சு, அதே 1971 கான் விழாவுக்குப் போன வாக்அபவுட்டும் அந்த நாட்டப் பத்தி ஒரு இங்கிலாந்துக்காரர் எடுத்த படம்தான். ஆனா போலீஸ்காரரா வர்ற சிப்ஸ் ராஃபர்ட்டி அந்த நாட்டு சினிமாவோட முகமாவே இருந்தவர், இதுதான் அவரோட கடைசிப் படம், அந்த வருஷம் மே மாசமே இறந்துட்டாரு, படம் ஆஸ்திரேலியாவுல ரிலீஸ் ஆனதப் பாக்கல. ஜாக் தாம்சனுக்கு இது முதல் படம். ஒரு தலைமுறை போகுது இன்னொரு தலைமுறை வருது, ரெண்டும் ஒரே பப்ல நிக்குது.

வெளிப்புறக் காட்சிகள் ப்ரோக்கன் ஹில் பக்கம் எடுத்தது, சிட்னியில இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல. உள்புறக் காட்சி நிறைய சிட்னியில பாண்டை பக்கத்துல ஒரு ஸ்டுடியோவுல. கோட்சஃப் போட்ட ஒரு கட்டளை எனக்கு ரொம்பப் பிடிச்சது: நீலமும் பச்சையும் எங்கயும் கண்ல படக்கூடாது, செட்லயும் சரி துணியிலயும் சரி, மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, காவி மட்டும்தான். அதுக்கு மேல அந்த ஊரு மண்ணு நிறத்துலயே தூசிய செட்டுக்குள்ள தூவி விட்டாங்க, ஈ வேற கொண்டு வந்து விட்டாங்க. ஸ்டுடியோவுல எடுத்ததுன்னு சொன்னாத்தான் தெரியும். இந்த நிற விஷயத்த ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

கங்காரு வேட்டையப் பத்தி மறைக்காம சொல்லிடணும். அது நிஜம். லைசென்ஸ் வச்சிருந்த வேட்டைக்காரங்க அவங்க வழக்கமா போற வேட்டைக்கு கேமரா கூடப் போச்சு, படத்துக்காகன்னு தனியா கொல்லல, படம் முடியும்போது எழுத்துலயும் இதைச் சொல்றாங்க. ஆனா ராத்திரி ஏற ஏற அவங்களுக்கு போதையும் ஏறி குறி தப்ப ஆரம்பிச்சு, அரைகுறையா அடிபட்ட மிருகங்களப் பாத்து யூனிட்டே நொந்து போய், கரண்ட் போன மாதிரி ஏற்பாடு பண்ணி வேட்டைய நிறுத்துனாங்க. எடுத்ததுல ரொம்ப மோசமானத படத்துல வைக்கல. வச்சதே தாங்க முடியாத அளவுதான். அந்த சீன் வேணுமா வேண்டாமான்னு நான் ரொம்ப யோசிச்சிருக்கேன், ஒரு வாத்தியார் எந்த இடத்துல மனுசத் தன்மைய விடுறான்ங்கிறது அதுலதான் தெரியுதுன்னு எனக்குத் தோணுது, ஆனா பாக்க முடியாதுன்னு எழுந்து போறவங்ககிட்ட வாதாட எனக்கு வாய் வராது.

எப்படி காணாம போச்சு

ஆஸ்திரேலியாவுல தியேட்டர்ல ஓடல. கான் போன படம், வெளிநாட்டுல அவுட்பேக்ங்கிற பேர்ல ஓடிட்டிருக்கு, சொந்த ஊர்ல ஆள் இல்ல. ஜாக் தாம்சன் சொல்ற ஒரு சம்பவம் இங்க ரொம்பப் பிரபலம், தியேட்டர்ல ஓடுன ஒரு காட்சியில ஒருத்தர் எழுந்து நின்னு திரையக் காட்டி இது நாம இல்லன்னு கத்த, தாம்சன் அங்க இருந்தே உக்காருப்பா, இது நாமதான்னு சொன்னாராம். அந்தக் கோவம் எனக்குப் புரியுது. வெளியூர்க்காரன் ஒருத்தன் வந்து நம்ம வீட்டு அழுக்க ஊருக்கே காட்டுனா யாருக்குத்தான் பிடிக்கும்.

ஆனா ஓடாத படம் எல்லாம் காணாம போறதில்ல. ஓடாத படம் நூத்துக்கணக்குல ஏதோ ஒரு ஷெல்ஃப்ல பத்திரமாத்தான் இருக்கு. நான் படிச்சுப் படிச்சு புரிஞ்சுக்கிட்டது என்னன்னா, படம் காணாம போறது அதுக்குச் சொந்தக்காரன் யாருன்னு குழம்பும்போதுதான்.

இந்தப் படத்துக்கு ரெண்டு அப்பா. ஒண்ணு என்எல்டி, சிட்னி கம்பெனி, நியரி, லிம்ப், டிங்கர்னு மூணு பேரோட முதல் எழுத்து. இன்னொண்ணு குரூப் டபிள்யூ, அமெரிக்காவுல வெஸ்டிங்ஹவுஸோட டிவி ரேடியோ பிரிவு. ஆமா, மோட்டார், மின்சார சாமான் எல்லாம் செஞ்ச அதே வெஸ்டிங்ஹவுஸ். ரெண்டும் சேந்து ரெண்டே படம் எடுத்துச்சு, அதோட சரி. ரிலீஸ் பண்ண உரிமை மூணாவதா யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ்கிட்ட. டைரக்டர் வேற நாட்டுக்குப் போயிட்டாரு. நடிகர்கள் அவங்கவங்க ஊருக்கு. தயாரிச்ச சிட்னி கம்பெனி நிலைக்கல. 1995ல வெஸ்டிங்ஹவுஸ் சிபிஎஸ்ங்கிற அமெரிக்க டிவி கம்பெனிய வாங்குது, கொஞ்ச நாள்ல தன் பேரையே சிபிஎஸ்னு மாத்திக்குது. இப்படி கை மாறி பேர் மாறி போற கணக்குப் புத்தகத்துல 1971ல எடுத்த ஒரு ஆஸ்திரேலியப் படம் ஒரு வரியா இருந்திருந்தா அதிகம். யாரும் வேணும்னு அழிக்கல, இது நம்மளோடதுன்னு சொல்ல ஆள் இல்ல, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் வீடியோ. எண்பதுகள்ல வீடியோ கேசட் வந்தப்போ எத்தனையோ மறந்து போன படத்துக்கு ரெண்டாவது உயிர் வந்துச்சு, தியேட்டர்ல யாரும் பாக்காத படத்த வீட்டு வீட்டுக்கு வாடகைக்கு எடுத்துப் பாத்து ஒரு ரசிகர் கூட்டமே உருவான காலம் அது. வேக் இன் ஃப்ரைட்டுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கல, ஆஸ்திரேலியாவுல கேசட்டும் முறையா வரல, டிவிடியும் வரல. கேசட் போடணும்னா காப்பி எடுக்க உருப்படியான மாஸ்டர் ஒண்ணு வேணுமே. அதனால 1971ல பாத்தவங்க ஞாபகத்துலயும், சினிமாவப் பத்தி எழுதுறவங்க வாயிலயும் மட்டும்தான் படம் வாழ்ந்துச்சு.

தேடல்

ஆந்தனி பக்லி இதுக்குள்ள ஆஸ்திரேலியாவுல பெரிய தயாரிப்பாளர் ஆயிட்டாரு. அவர் நினைச்சிருந்தா விட்டிருக்கலாம், எடிட்டருக்கு படத்து மேல ஒரு உரிமையும் கிடையாது, காசும் வராது. தொண்ணூறுகள் நடுவுல தேட ஆரம்பிச்சாரு. டப்ளின்ல ஒரு பிரிண்ட் கிடைச்சுது, ஆனா அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாத நிலைமை.

ஏன் பிரிண்ட் போதாதுன்னு கேக்கலாம். தியேட்டர்ல ஓடுற பிரிண்ட் பேரன் மாதிரி, கேமராவுல ஓடுன நெகடிவ்தான் தாத்தா, நடுவுல காப்பி எடுக்குற ஒவ்வொரு தடவையும் நுணுக்கம் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டே வரும். அதுக்கு மேல அந்தப் பிரிண்ட் ஆயிரம் தடவை ப்ரொஜெக்டர் பல்லுல மாட்டி கீறல் விழுந்திருக்கும். அந்தக் காலத்துக் கலர் ஃபிலிம்ல இன்னொரு வியாதி உண்டு, சாயம் மங்கும், அதுலயும் நீலப்பச்சை சாயம் முதல்ல போயிடும், மொத்தப் படமும் ரோஸ் கலர்ல நிக்கும். நீலமும் பச்சையும் கூடாதுன்னு அவ்வளவு பிடிவாதமா நிறத்த அமைச்ச ஒரு படம் ரோஸ் கலர்ல நின்னா அதை வேக் இன் ஃப்ரைட்னே சொல்ல முடியாது. கோட்சஃப் பாத்துப் பாத்து வச்ச காவி எது, சாயம் போன சிவப்பு எதுன்னு யாரால பிரிக்க முடியும்.

பக்லி விடல. நாடு நாடா, கம்பெனி கம்பெனியா விசாரிச்சு, கடைசியில 2004ல அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல ஒரு கிடங்குல நெகடிவ் பொருட்களும் ஒலி நாடாக்களும் கிடைச்சுது. பெட்டி மேல எழுதியிருந்தது "அழிக்க வேண்டியது"ங்கிற குறிப்பு. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தா அவ்வளவுதான்.

ஏன் பிட்ஸ்பர்க்? இந்தக் கேள்விதான் என்னை ரொம்ப நாள் குடைஞ்சுது, ஆஸ்திரேலியப் பாலைவனத்துல எடுத்து லண்டன்ல ஆள் சேத்த படத்துக்கும் அமெரிக்க இரும்பு ஊருக்கும் என்ன சம்பந்தம். வெஸ்டிங்ஹவுஸோட தலைமையகம் ரொம்ப காலம் இருந்தது பிட்ஸ்பர்க்லதான். குரூப் டபிள்யூவோட அம்மா வீடு. அப்படிப் பாத்தா படம் எங்கயும் காணாம போகல, அதோட பாதிச் சொந்தக்காரன் வீட்டுப் பரண்லயே இருந்திருக்கு, வீட்டுல இருக்கிறவங்களுக்குத்தான் அது என்னன்னு தெரியல.

பொருள் சிட்னிக்கு வந்துச்சு, அட்லேப் டீலக்ஸ் லேபும் ஆஸ்திரேலியாவோட தேசிய திரைப்பட ஒலி ஆவணக் காப்பகமும் சேந்து மீட்டெடுத்தாங்க. நூத்தொம்பது நிமிஷப் படம், செகண்டுக்கு 24 ஃப்ரேம், கணக்குப் போட்டா ஒன்றரை லட்சத்துக்கு மேல ஃப்ரேம் வருது. ஒவ்வொண்ணையும் டிஜிட்டலா ஸ்கேன் பண்ணி கீறல், அழுக்கு எடுத்து நிறம் சரி பண்ணணும். இதுல எனக்குத் தனியா ஒரு ஆச்சரியம் உண்டு. ஒரு ஃப்ரேம்ல இருந்து அடுத்த ஃப்ரேமுக்குள்ள மறைஞ்சு போற புள்ளியத்தான் இந்த மாதிரி சாஃப்ட்வேர் அழுக்குன்னு எடுத்துக்கும். வேகமாப் பறக்குற ஈயும் அப்படித்தானே இருக்கும். தூசியும் ஈயும் ஒரு கேரக்டராவே நடிச்ச படத்துல எது டைரக்டர் போட்ட தூசி எது கிடங்கு போட்ட தூசின்னு மனுசக் கண்ணு பாத்து முடிவு பண்ணாம இந்த வேலை முடியாது.

2009 மே மாசம் படம் மறுபடியும் கான் போச்சு, இந்தத் தடவை பழைய படங்களுக்கான கிளாசிக்ஸ் பிரிவுல, அந்த வருஷம் அந்தப் பிரிவுக்கு விருந்தினரா இருந்து தேர்ந்தெடுத்தவர் அமெரிக்க டைரக்டர் மார்ட்டின் ஸ்கார்செஸி. ஜூன்ல சிட்னி திரைப்பட விழா, அப்புறம் தியேட்டர், அந்த வருஷக் கடைசியில டிவிடி, ப்ளூ-ரே. அமெரிக்காவுல 2012ல தியேட்டருக்கு வந்துச்சு, அப்புறம் அங்கயும் டிஸ்க்.

கேரி பாண்டும் டொனால்ட் ப்ளெசன்ஸும் இதைப் பாக்கல, ரெண்டு பேருமே 1995ல இறந்துட்டாங்க. கென்னத் குக் 1987லயே போயிட்டாரு. கோட்சஃப் இருந்தாரு, தன் படத்தோட ரெண்டாவது வாழ்க்கைய நல்லா பாத்துட்டு 2025 ஏப்ரல்ல தான் மறைஞ்சாரு.

டிஸ்க்ல வந்ததுக்கு அப்புறம்

தியேட்டர் ரீ-ரிலீஸ் ஒரு மாசம் பேச்சு. இந்தப் படத்த நிலைக்க வச்சது டிஸ்க்னுதான் நான் உறுதியா சொல்லுவேன். ஒரு விழாவுல காட்டுனா அந்த ஊர்ல இருந்தவங்க பாப்பாங்க. டிஸ்க் லைப்ரரிக்குப் போகும், காலேஜுக்குப் போகும், யாரோ வாங்கி யாரோ தானம் பண்ணி ரெண்டு டாலர் ரேக்ல வந்து நிக்கும், அங்க இருந்து என்னை மாதிரி இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒருத்தன் கைக்கு வரும். அதுலயும் அந்த பேச்சு ட்ராக் இல்லன்னா பக்லி யாருன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஸ்ட்ரீமிங்ல படம் மட்டும்தான் பெரும்பாலும் வருது, அதைச் சுத்தி இருக்குற கதை வர்றதில்ல, ஒப்பந்தம் முடிஞ்சா படமே ஒரு நாள் ராத்திரியில காணோம். சொந்தக்காரன் மாறுனா காணாம போற அதே பழைய வியாதிதான், வேகம் மட்டும் கூடியிருக்கு.

படத்துல ஒரு சீன் வரும். முன்னாள் ராணுவ வீரர்கள் சங்கத்தோட கிளப், ஆர்எஸ்எல்னு சொல்லுவாங்க, அங்க எல்லாரும் குடிச்சு கும்மாளமா இருக்கும்போது திடீர்னு சத்தம் அடங்கி, போர்ல செத்தவங்களுக்காக எல்லாரும் எழுந்து அசையாம நிப்பாங்க, முடிஞ்ச அடுத்த நொடி மறுபடியும் சூதாட்ட மெஷின் சத்தம், பீர். இன்னைக்கும் எங்க ஏரியா ஆர்எஸ்எல் கிளப்ல சாயங்காலம் ஆறு மணிக்கு இது நடக்குது. பிள்ளைங்கள பிறந்தநாள் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போனப்போ நாங்களும் தட்ட வச்சுட்டு எழுந்து நின்னிருக்கோம், ஏன்னு தெரியாமலே. படம் பாத்ததுக்கு அப்புறம் அந்த ஒரு நிமிஷம் நிக்கும்போது எனக்கு உள்ள வேற மாதிரி இருக்கு, மரியாதையும் இருக்கு, கூடவே அந்த வாத்தியாரோட முகமும் வருது.

எங்க ஆபீஸ்ல ரிட்டயர்மென்ட்டுக்குப் பக்கத்துல இருக்குற ஒரு பெரியவர், ப்ரோக்கன் ஹில்ல பிறந்து வளர்ந்தவர், அப்பா சுரங்கத்துல வேலை பாத்தவர். படத்தப் பத்திக் கேள்விப்பட்டிருக்காரு, பாத்ததில்ல, வீட்டுல பாக்க விடலையாம், ஊரக் கேவலப்படுத்துன படம்னு. என் டிவிடியக் கொடுத்தேன். ரெண்டு வாரம் ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. அப்புறம் ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது அவரே ஆரம்பிச்சாரு. குடியப் பத்தியோ வேட்டையப் பத்தியோ பேசுவாருன்னு நினைச்சேன், அவர் பேசுனது மண்ணப் பத்தி. வெயில் இறங்குற நேரத்துல அவங்க வீட்டு ஜன்னல் கட்டையில படிஞ்சிருக்குற தூசி எந்த நிறமோ அதே நிறம்பா, இத்தனை வருஷத்துல எந்த போட்டோவுலயும் அது சரியா வந்ததில்லைன்னாரு. டிவிடிய இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கட்டுமான்னு கேட்டாரு. வச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு நான் ப்ளூ-ரே வாங்கிட்டேன்.